கூண்டுக்குள் ஒரு பங்காளி

எலிக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எலி கடிச்சிருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் கவலைப்படாதீர்கள், கடிக்கும். கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். எலி கடிக்காமலே ஆளைக் கவிழ்க்கும் ஒரு வழி இருக்கிறது. அதை எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கால்நடை மருத்துவர். காரைக்குடிக்கு வெளியே இருக்கும் நம் ஆய்வு மையத்தில் எலிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அதன் பொறுப்பு என்னுடையது. சொந்த ஊர் செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கம். அதனால் முதலில் முதுகுக்குப் பின்னால் 'ஆச்சி' என்றார்கள், கொஞ்ச நாளில் நேராகவே கூப்பிட்டார்கள், நானும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஓய்வு நாளில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, என்னைப் பற்றி நான்கு பேர் பொய் பேசினார்கள். எலிகள்தான் ஒன்றும் பேசவில்லை. அவற்றின் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

இந்தக் கதையின் நாயகிக்குப் பாண்டிச்செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பீர்கள். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க ஆச்சி. ஆனா என்னைய நல்லவளா எழுதிராதீக, பெறகு ஒருத்தரும் எனக்குப் பயப்பட மாட்டாக" என்றார். அந்தக் காலத்து ஞாபகத்தில் அவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழுப்புத் தீனி போட்டால் எலி கொழுக்கத்தானே செய்யும், இதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது என்று என் தங்கை கேட்பாள். கொழுக்காத எலியும் இருக்கிறது, அதுதான் ஆராய்ச்சி. ஒரே தீனி, ஒரே குளிர், ஒரே அளவுக் கூண்டு. ஒரு வம்சத்து எலி உருண்டையாகி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். இன்னொரு வம்சத்து எலி அதே தீனியைத் தின்றுவிட்டு ஒல்லியாகவே ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பால்பணியாரம் கேட்கும் மாமா ஊசிபோல இருப்பதையும், பக்கத்து இலையில் மோர் மட்டும் கேட்கும் அத்தை மூச்சு வாங்குவதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பந்தியில் அதை விதி என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆய்வகத்தில் அப்படிப் போக முடியாது.

ஆகவே, ஒரு மரபணுவை எடுத்துவிட்டு எலி இளைத்ததா கொழுத்ததா என்று பார்க்கும்போது, அதை எந்த எலியோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதற்கு எங்கள் முதல் பேராசிரியர் ஒரு சொல் வைத்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் நையாண்டிதான். "ஒப்பிடணும்னா அதோட பங்காளிய வைங்க" என்பார். "அப்பன் சொத்தைப் பிரிக்கிற மாதிரிதான் இது. ஒரே வயித்துல பொறந்த குட்டிக. ஒருத்தனுக்கு அந்த மரபணு வந்திருக்கும், இன்னொருத்தனுக்கு வந்திருக்காது. மத்த சொத்தெல்லாம் பொதுவா ஒண்ணு. அப்ப சண்டை எதுக்குன்னு தெளிவாத் தெரிஞ்சுரும்ல?"

நல்ல சொல். வாயில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் நீட்டி முழக்காமல் கூடம் முழுக்க 'பங்காளிக் கூண்டு', 'பங்காளிக்குத் தண்ணி வச்சாச்சா' என்று பேச ஆரம்பித்தோம். பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சொல் மட்டும் தங்கிவிட்டது. அதன் விளக்கத்தை அவர் கையோடு எடுத்துப்போய்விட்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம்தான் பாண்டிச்செல்வி வந்தாள். காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமம், அப்பா விவசாயி. நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பத்தில் முதல் முனைவர் பட்டத்துக்காக வந்த பெண். எலியைக் கையில் எடுக்கும்போது அதனிடம் ஏதாவது பேசிக்கொண்டே எடுப்பாள். "வாடி, எங்குட்டு ஓடுற, ஊசிதான, உசுரா எடுக்கப் போறேன்" என்பாள். சில நாள் அவள் சொன்னது பொய்யாகவும் போகும். அந்த நாட்களில் பேசாமல் எடுப்பாள்.

வேறொரு ஆய்வகத்திலிருந்து அவளுக்கு ஒரு மரபணு நீக்கிய எலிகள் வந்தன. அந்த மரபணுவின் பெயர் எழுத்தும் எண்ணுமாக வண்டி நம்பர் போல நீளும். உங்களுக்கு வேண்டாம். எங்கள் இயக்குநர் அதற்குத் 'தொப்பை ஜீன்' என்று பெயர் வைத்தார். அவர் கோயமுத்தூர்க்காரர், நல்ல மனுஷர், நல்ல செய்தி என்றால் மட்டும் கொஞ்சம் அவசரப்படுவார். எலிகள் பெருகின. நான் ஒருநாள் நடைபாதையில் கேட்டேன், "என்னம்மா, பங்காளியெல்லாம் ரெடியா?" அவள், "ரெடி ஆச்சி" என்றாள். இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்து போனோம்.

கொழுப்புத் தீனி போட ஆரம்பித்தார்கள். அந்தத் தீனியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நீல நிறத்தில் உருண்டை உருண்டையாக இருக்கும். கூடம் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர் புது மாதிரி மிட்டாய் என்று கை நீட்டிவிட்டார், நான் தட்டிவிட்டேன். வாரங்கள் போகப்போகப் பங்காளிக் கூண்டு எலிகள் பூசணிக்காய் ஆகின. தொப்பை ஜீன் இல்லாத எலிகள் அதே தீனியைத் தின்று ஒல்லியாகவே நின்றன. எடைக் கோடுகள் இரண்டும் படத்தில் தனித்தனியாக, கை கோத்துப் பார்க்காத புருஷன் பெண்டாட்டி மாதிரி விலகிப் போயின. இவ்வளவு சுத்தமான முடிவை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சந்தேகப்பட்டது முழுக்கத் தப்பான இடத்தில். ஒல்லி எலிகளின் கூண்டு ஏ.சி. காற்று நேராக விழும் பக்கத்தில் இருந்தது. குளிரில் எலி உடம்பைச் சூடாக்கக் கொழுப்பை எரிக்கும், இளைக்கும். பிடித்துவிட்டேன் என்று மீசை இல்லாத இடத்தில் முறுக்கிக்கொண்டு, கூண்டுகளை இடம் மாற்றி வைக்கச் சொன்னேன். புது எலிகளில் மறுபடி செய்தாள். குண்டு குண்டாகவும் ஒல்லி ஒல்லியாகவும் அப்படியே இருந்தன. பாண்டிச்செல்வி எனக்கு ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்து கொடுத்தாள். "தோத்ததுக்கு" என்றாள். நான் தின்றேன், கொழுத்தேன். அது என் வம்சம்.

இதற்குள் இயக்குநர் ஊரைக் கூட்டிவிட்டார். பெரிய இடங்களிலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று நாள் குறித்தாயிற்று. அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் பெரிய ஆய்வகம் நடத்தும் தமிழ்ப் பேராசிரியர். பாண்டிச்செல்வியின் படங்களைப் பார்த்துவிட்டு, நேரில் கேட்டபின் தன் ஆய்வகத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அவளுடைய ஆய்வேட்டில் முக்கால் பங்கு இந்த ஒல்லி எலிகள்தான். முனைவர் பட்டம், வெளிநாட்டு இடம், அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவைத்த பெருமை எல்லாம் அந்த இரண்டு கோடுகளின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. விமானப் பயணத்துக்குப் பெட்டி வாங்குவதற்காக அவள் என்னையே கடைக்குக் கூட்டிப்போனாள். நீலம் வேண்டாம், தீனி ஞாபகம் வரும் என்று சிவப்பு எடுத்தாள்.

பார்வையாளர்கள் வருவதற்கு முந்தைய நாள் காலை, இயக்குநர் அறையில் நாங்கள் மூன்று பேர். யார் எங்கே உட்கார்வது, யாருக்கு மாலை என்று பேச்சு. இயக்குநர் சந்தோஷத்தில், "குத்துவிளக்கைப் பாண்டிச்செல்விதான் ஏத்தணும். கண்டுபிடிச்சது அவதானுங்களே" என்றார்.

அவள் நெளிந்தாள். "சார், நான் வெளக்கு ஏத்த முடியாது சார்."

"ஏம்மா?"

"பங்காளி வீட்ல துட்டி சார். நேத்துதான் எறந்தாக. காரியம் முடியிற வரைக்கும் எங்களுக்குத் தீட்டு. நான் ஏத்துனேன்னு தெரிஞ்சா அப்பா வருத்தப்படுவாரு."

இயக்குநருக்கு முகம் விழுந்துவிட்டது. "அடடா, யாரும்மா இறந்தது?"

"பெரியப்பா முறை சார்."

"அப்பாவோட அண்ணனா?"

"இல்ல சார்."

"தாத்தாவோட தம்பி மகன், அந்த மாதிரியா?"

"அதெல்லாம் இல்ல சார். பங்காளி."

"அதாம்மா, எப்படிப் பங்காளி?"

"அது தெரியாது சார். அவுக குடும்பம் பரமக்குடிப் பக்கம் போயிருச்சு. எந்தப் பாட்டன் காலத்துல பிரிஞ்சாகன்னு எங்கப்பாவுக்கே தெரியாது. சாமி ஒண்ணு, வகையறாப் பேரு ஒண்ணு, அம்புட்டுத்தான். கோயில் கும்பிடுக்கு வந்தா வாரீகளா போறீகளான்னு கேட்டுக்குவாக."

"நீ அவரைப் பாத்திருக்கியா?"

"ஒருதரம்கூடப் பாத்ததில்ல சார்."

இயக்குநர் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள், பெண் கொடுத்து எடுக்க மாட்டோம், அவ்வளவுதான் என் காதில் அந்தச் சொல். பேராசிரியர் காதில் அது ஒரே அப்பனின் சொத்தைப் பிரிக்கும் அண்ணன் தம்பி. இந்தப் பெண்ணின் காதிலோ அது பரமக்குடிக்குப் போன, முகம் தெரியாத, சாமி மட்டும் ஒன்றான பெரியப்பா.

"ஏம்மா பாண்டி" என்றேன். "நம்ம கூண்டுல இருக்கே பங்காளி, அது எந்த மாதிரிப் பங்காளி?"

"எந்த மாதிரின்னா?"

"ஒல்லி எலியோட கூடப் பொறந்ததுகளா? இல்ல உங்க பரமக்குடிப் பெரியப்பாவா?"

"வெளியில வாங்குனது ஆச்சி. ரெண்டும் பிளாக்-சிக்ஸ்தான். அதே வம்சம், அதே கறுப்பு, அதே பேரு. பங்காளிதானே…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவள் கெட்டிக்காரி. நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாங்கிய எலிகள் கூடத்துக்குள் வந்தது எனக்கும் தெரியும். குட்டி போட வைக்க என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க ஆச்சு? எலியும் செத்துப்போச்சா?"

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாக்-சிக்ஸ் என்ற கறுப்பு எலி வம்சம் ஒரு காலத்தில் ஒரே குடும்பம். பிறகு வேறு வேறு இடங்களுக்குப் பிரிந்து, அங்கங்கே தனித்தனியாகப் பெருகியது. தனியாகப் பெருகினால் சின்னச் சின்ன மாற்றங்கள் சேரும். பெயரின் கடைசியில் வருகிற ஆங்கில எழுத்துதான் எந்தக் கிளை என்று காட்டும். ஒன்று ஜே கிளை, இன்னொன்று என் கிளை. 'என் கிளை' என்றால் யாருடைய கிளை என்று கேட்காதீர்கள், அந்த நகைச்சுவையை எல்லோரும் செய்து முடித்தாயிற்று. ஜே கிளையில், உடம்பு சக்தியைச் செலவழிக்கும் இடத்தில் வேலை செய்கிற ஒரு மரபணுவின் துண்டு எப்போதோ தொலைந்துபோய்விட்டது. என் கிளையில் அது பத்திரமாக இருக்கிறது. பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு. கொழுப்புத் தீனி போட்டால்தான் நடத்தை மாறும்.

ஆக, எங்கள் எலி இளைத்தது தொப்பை ஜீனை எடுத்ததாலா, அல்லது அது பிறந்தது வேறு கிளை என்பதாலா? தொலைந்த துண்டைத் தேடும் சோதனை ஒன்றும் பெரிய வேலை இல்லை. இரண்டு கூண்டிலிருந்தும் காதோரம் துளித் தசை எடுத்து மரபணுச் சோதனை இயந்திரத்தில் ஓட்டினோம். பாண்டிச்செல்வி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. சாயங்காலம் முடிவு வந்தது. குண்டு எலிகள் அத்தனையும் ஜே. ஒல்லி எலிகள் அத்தனையும் என்.

அவள் கூண்டு கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் வெளியே நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. அந்த ஒல்லி எலிகள் மேல் சொல்ல முடியாத கோபமும் வந்தது, அவை என்ன செய்யும் பாவம். சிவப்புப் பெட்டி ஞாபகம் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

இயக்குநரிடம் சொன்னோம். அவர் நீண்ட நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "தப்புன்னு இன்னும் நிச்சயமில்லீங்களே. ஜீனும் காரணமா இருக்கலாமில்லீங்களா?" இருக்கலாம்தான். "அப்ப நாளைக்கு ஒருநாள் படத்தைக் காட்டிரலாம். அவங்க போனதுக்கப்புறம் சரியாச் செஞ்சு பாத்துக்கலாம்." அவருக்குத் திடீரென்று பளிச்சென்று ஒன்று தோன்றியது. "பாண்டி பேசவே வேண்டாம். அதான் தீட்டு இருக்குதே! வீட்ல துக்கம்னு சொல்லிரலாம். நானே மேலோட்டமாப் பேசி முடிச்சிர்றேன். யாரு கேள்வி கேப்பா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு மரியாதையான ஒளிவிடம்! சாவு வீட்டுப் பெண்ணை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு இடமும் பத்திரம். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் வீங்கியிருந்தது.

"வெளக்குக்குத்தான் சார் தீட்டு" என்றாள். "வாய்க்கு இல்ல."

மறுநாள் விளக்கை நான் ஏற்றினேன். தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. அவள் மேடையேறி முதல் படமாக அந்த இரண்டு கோடுகளைப் போட்டாள். அரங்கத்தில் 'ஆகா' என்று ஒரு சத்தம். இரண்டாவது படமாக முந்தைய நாள் சோதனை முடிவைப் போட்டாள். சத்தம் நின்றது. ஒல்லிக்குக் காரணம் எங்கள் மரபணுவா, கிளையா என்று இப்போது சொல்ல முடியாது, ஒப்பிட வைத்த எலி தவறு, கூடப்பிறந்த குட்டிகளை வைத்து மறுபடி செய்யப்போகிறேன் என்றாள். நேராகச் சொன்னாள், யார் மேலும் போடவில்லை. 'பங்காளி' என்ற சொல்லைக்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பழி எங்கள் எல்லோர் மேலும் சமமாகப் பிரிந்திருக்கும்.

வெளிநாட்டுப் பேராசிரியர் கேட்டார், "அப்படின்னா இப்ப உங்க கையில என்ன இருக்கு?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மத்தியானம் எங்கள் ஊர்ச் சாப்பாடு, கந்தரப்பம், உக்காரை என்று இனிப்பு வரைக்கும். கொழுப்புத் தீனி பற்றி விசாரிக்க வந்தவர்கள் மறுசோறு கேட்டுச் சாப்பிட்டார்கள். அந்தப் பேராசிரியர் இனிப்பில் எதையும் விடவில்லை, ஆள் ஒல்லி. எந்தக் கிளையோ! அவளை அழைத்து நல்ல வார்த்தை நாலு சொன்னார், முதுகில் தட்டினார், காருக்குப் போய்விட்டார். இடம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலும் சொல்லவில்லை. நேர்மையாகப் பேசினால் உடனே கதவு திறக்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். அன்றைக்குத் திறக்கவில்லை.

ஊரிலிருந்து அவள் அப்பா வந்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் விவரம் கேட்டார். எலி, கிளை, மரபணு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக மொத்தம் பங்காளியால கெட்டுப்போச்சுங்கிறீக" என்றார். ஆமாம் என்றேன். மகள் பக்கம் திரும்பி, "இதுக்கா அழுகுற? பங்காளியால கெடாத குடும்பம் நம்ம பக்கம் எங்குட்டு இருக்கு? நான் வரப்புக்காக கோர்ட்டுக்கு நடக்கலையா? நீ எலிக்காக நடக்குற. நட" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மூக்கும் கண்ணுமாக ஒழுக, சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

நடந்தாள். இரண்டு கிளையையும் கலந்து, குட்டி எடுத்து, அந்தக் குட்டிகளை மறுபடி சேர்த்து, ஒரே வயிற்றில் மரபணு இருப்பதும் இல்லாததுமாகப் பிறக்கும் வரை காத்திருந்தாள். எலியைப் பெருக்குவதில் அவசரப்பட முடியாது, அவை ஒன்றும் நம் இயக்குநர் இல்லை. கடைசியில் அந்த நீலத் தீனியைப் போட்டுப் பார்த்தபோது, கூடப்பிறந்தவற்றில் தொப்பை ஜீன் இருந்ததும் இல்லாததும் ஒரே மாதிரிதான் எடை போட்டன. எங்கள் புகழ்பெற்ற தொப்பை ஜீனுக்கும் தொப்பைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஜே கிளை எப்படிக் கொழுக்கிறது, என் கிளை எப்படித் தப்பிக்கிறது என்று அவள் கையில் ஒரு மலையே சேர்ந்துவிட்டது. ஆய்வேடு அதைப் பற்றியதாக மாறியது. பட்டம் வந்தது, தாமதமாக. சிவப்புப் பெட்டி அதுவரை அவள் அறையில் துணி வைக்கப் பயன்பட்டது.

'பங்காளி' என்ற சொல்லைக் கூடத்தில் தடை செய்யலாமா என்று இயக்குநர் கேட்டார். வேண்டாம் என்றேன். தடை செய்தால் எல்லோரும் ஆங்கிலத்தில் அதே தப்பைச் செய்வார்கள். சொல் இருக்கட்டும், ஆனால் யார் சொன்னாலும் எதிராளி "எப்படிப் பங்காளி?" என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதனால்தான் இன்றைக்கும் கூடத்தில் நீங்கள் எதையாவது பங்காளி என்றதும் நாலு பக்கமிருந்தும் அந்தக் கேள்வி வருகிறது. உங்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கிண்டலும் கொஞ்சம் உண்டு.

பாண்டிச்செல்வி வெளிநாடு போகவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆமாம், உங்கள் எலிகள் எந்த வயிற்றில் பிறந்தவை என்று சொல்லாதவரை கூண்டு தர மறுக்கிறாரே, நீங்கள் தேநீர்க் கடையில் திட்டித் தீர்க்கிறீர்களே, அவரேதான். இப்போது எழுந்து நிற்கலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. வாய்மொழித் தேர்வு முடிந்து, வாழ்த்தெல்லாம் சொல்லியான பிறகு, இயக்குநர் ஆய்வேட்டைக் கையில் எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். அப்பா அம்மாவுக்குச் சமர்ப்பணம் என்று எதிர்பார்த்திருப்பார். அந்த இடத்தில், பரமக்குடிப் பக்கத்தில் காலமான ஒரு பெரியவரின் பெயர் இருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

"யாரும்மா இவரு?"

"பங்காளி சார்."

இயக்குநர் இப்போது தேறிவிட்டார். "எப்படிப் பங்காளி?" என்றார்.

"தெரியாது சார்" என்றாள். "அது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லி முடிச்சிருப்பேன், ஆச்சியும் எலியோட பங்காளியப் பத்திக் கேட்டிருக்க மாட்டாக."